38 மில்லிமீட்டர்: தினமும் ஓடும் காரைத் தாழ்த்திய ஒரு நிகழ்வின் ஆய்வு

முன்சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான்கு மாத அவதிக்கும், இரண்டு முறை காரைப் பிரித்து மாட்டியதற்கும் மூல காரணம் இவ்வளவுதான். வளைவில் கார் இன்னும் உறுதியாக நிற்கும் என்று அப்போது பலரிடம் சொன்னேன். அது சாக்கு.

கார் 14 வயதான முன்சக்கர இயக்கச் சிறிய கார். எடை 1,080 கிலோ, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,520 மி.மீ. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைத்து முறுகி நெகிழும் குறுக்குத்தண்டு). பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, பின்பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வு ஒன்று பின் அச்சோடு இணைந்திருக்கிறது. இந்த வால்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அது வரும். தினமும் வேலைக்குப் போய்வர 46 கி.மீ. ஓடும். வார இறுதியில் நான்கு பேர் ஏறுவோம்.

வாங்கியது 35 மி.மீ. தாழ்த்தும் என்று அட்டையில் அச்சிட்ட நான்கு ஸ்பிரிங்குகள். முன் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன்; தொழிற்சாலை ஸ்பிரிங்கில் அது 20. அதாவது கால் பங்கு கூடுதல். முன்சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்கள், அதாவது மூட்டு ரப்பர்கள், வெடிப்பு விட்டிருந்ததால், "எப்படியும் கழற்றுகிறோம், அதையும் மாற்றிவிடலாம் சார்" என்றார் மெக்கானிக். சரியான யோசனைதான். ஆனால் அதைச் செய்த விதத்தில்தான் முதல் பிழை நுழைந்தது.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை. டயரில் காற்று குறைந்தால் அந்த அளவு பொய் சொல்லும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதே சரி. வேலைக்கு முன் முன்னால் 368, பின்னால் 372. வேலை முடிந்த மாலையில் முன்னால் 336, பின்னால் 341. பின்பக்கம் 31 இறங்கியிருக்கிறது, முன்பக்கம் 32. அட்டை சொன்ன 35 வரவில்லையே என்றேன். "இரண்டு வாரத்தில் உட்கார்ந்துவிடும்" என்றார். அன்று மாலையே வீல் அலைன்மென்ட் பார்த்து, எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக ஒரு தாளும் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் முன்பக்கம் 330க்கு வந்திருந்தது. சொன்னபடி உட்கார்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். உட்கார்ந்தது ஸ்பிரிங் அல்ல என்று தெரிய இன்னும் மூன்று மாதம் ஆனது.

பார்க்க அழகாகவே இருந்தது. அதை மறைப்பானேன்.

புகார்கள்

முதல் வாரத்தில், தனியாக ஓட்டும்போது, கார் சற்று விறைப்பாக இருந்தது, அவ்வளவுதான். நான்கு பேர் ஏறிய முதல் பயணத்தில்தான் வேறொரு கார் வெளிப்பட்டது. சாலையின் சிறு ஒட்டு, பாலத்தின் இணைப்பு, மூடி பதிந்த இடம் எல்லாமே ஒரே மாதிரி வந்து தாக்கின. "என்னப்பா, கீழே இருந்து யாரோ குத்துகிற மாதிரி இருக்கிறது" என்றார் பின்சீட்டிலிருந்த அம்மா. அவர் சொன்னதில் ஒரு முக்கியமான தடயம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. விறைப்பான ஸ்பிரிங் குலுக்கும், ஆனால் குத்தாது. குத்து என்பது எதுவோ முடிவுக்கு வந்து முட்டுவதன் உணர்வு.

வேகத்தடைகளில் வயிறு உரசத் தொடங்கியது. இதற்குக் கணக்கு எளிது. வண்டியின் நடுவே தரை இடைவெளி 165 மி.மீ. ஆக இருந்தபோது சுமார் 15 டிகிரி முகட்டைக் கடக்க முடிந்தது. 130க்கு இறங்கியதும் அது 12 டிகிரிக்குக் கீழே போனது. நான்கு பேர் ஏறி இன்னும் 25 மி.மீ. அமுங்கினால் ஒன்பதரை. குறுக்காக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பதற்கும் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் வேகம் குறைக்கும்போது முன்னால் இடதுபக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஒன்று, விட்டால் ஒன்று. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைச் சற்றே இடப்பக்கம் பிடித்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் மோசமானது ஒரு தூறல் நாளில் நடந்தது. சிக்னலுக்காக ஓரளவு அழுத்தமாக பிரேக் பிடித்தேன், தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்சக்கரங்கள் முதலில் இறுகி நின்றன, காரின் வால் வலப்பக்கம் நழுவியது. பிரேக்கை விட்டதும் நேரானது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. இதை மட்டும் எழுதும்போது கை இன்னும் சற்று நிதானிக்கிறது.

தவறான திசையில் இரண்டு மாதம்

குலுக்கலுக்கு ஸ்பிரிங்கின் விறைப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால் டயரில் காற்றை 33 பவுண்டிலிருந்து 29க்குக் குறைத்தேன். குத்து போகவில்லை, ஸ்டீயரிங் மந்தமானதுதான் மிச்சம். பிறகு ஷாக் அப்சார்பர்கள் பழசாகிவிட்டன என்று தொழிற்சாலை அளவிலேயே புதிதாக நான்கு மாற்றினேன். பழையவை நன்றாகவே இருந்தன. ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சிகிச்சை சிறிதளவுகூடப் பலன் தரவில்லை என்றால் நோயையே தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பக்க ஒரு மூலையில் சக்கரம் முதலியவற்றைக் கழித்து ஸ்பிரிங் தாங்கும் எடை ஏறத்தாழ 295 கிலோ. தொழிற்சாலை ஸ்பிரிங்கில் அந்த மூலை நொடிக்கு சுமார் 1.31 முறை ஊசலாடும். புதிய ஸ்பிரிங்கில் 1.47. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே விறைப்பு 25 சதவீதம் கூடினாலும் ஊசல் 12 சதவீதம்தான் வேகமாகும். சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருப்பவை. அப்படியென்றால் 1.47இல் என் அம்மாவின் முதுகில் யாரும் குத்தியிருக்கக் கூடாது. ஸ்பிரிங் குற்றவாளி அல்ல.

கேபிள் டை சொன்ன சாட்சி

அடுத்த ஞாயிறு காலை ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி, முன் ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையை மேலே சுருட்டிவிட்டு, பளபளப்பான தண்டில் ஒரு கறுப்பு கேபிள் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டினேன். ஷாக் அப்சார்பரின் உடல் முடியும் விளிம்பில் அது உட்கார்ந்திருக்கும்படி. ஸ்ட்ரட் அமுங்கும்போது உடல் மேலே வந்து டையைத் தள்ளும்; திரும்பும்போது டை அங்கேயே நின்றுவிடும். அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

டையைக் கட்டுவதற்கு முன்பே பாதி விடை கண்ணில் பட்டுவிட்டது. தண்டின் மேற்பகுதியில் பம்ப் ஸ்டாப் இருக்கிறது: ஸ்ட்ரட் முழுதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் நுரை போன்ற பாலியூரிதேன் உருளை, 60 மி.மீ. நீளம். அதன் கீழ் உதட்டுக்கும் ஷாக் அப்சார்பரின் தலைக்கும் நடுவே கார் சும்மா நிற்கும்போதே 7 மி.மீ.தான் இருந்தது. ஆள்காட்டி விரல் நுழையவில்லை. உதடு மழுங்கிப் பளபளத்தது. உறையின் மடிப்புகளில் மஞ்சள் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. மெதுவாக 300 மீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது டை பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நின்றது. பள்ளமே இல்லாத சாலையில்.

பழைய நிலையில் அந்த இடைவெளி 45 மி.மீ. இருந்திருக்க வேண்டும்; ஸ்ட்ரட்டில் சக்கரம் ஏறும் அளவும் தண்டு அமுங்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் 38ஐக் கூட்டினால் போதும். வெளியே ஃபெண்டரில் 38 மி.மீ. என்பது பத்தில் ஒரு பங்கு போலத் தெரிகிறது. உள்ளே அது 45இல் 38. இருந்த சொத்தில் ஆறில் ஐந்து பங்கைக் கொடுத்துவிட்டு நின்றேன். நான்கு பேர் ஏறியவுடன் மிச்சமிருந்த 7உம் போய், கார் ஸ்பிரிங்கில் அல்ல, பம்ப் ஸ்டாப்பின் மீது ஓடிக்கொண்டிருந்தது. அமுங்க அமுங்க வேகமாக விறைக்கும்படியே பம்ப் ஸ்டாப் செய்யப்படுகிறது. அது கடைசிக் காவலாள். அவனை வீட்டு வேலைக்கு வைத்தால் குத்தத்தான் செய்வான்.

இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் வாங்கும் பலர் (நானும்) "தாழ்ந்தாலும் விறைப்பைக் கூட்டியிருக்கிறார்களே" என்று ஆறுதல் கொள்கிறோம். ஒரு மேடு தரும் ஆற்றலை ஸ்பிரிங் அமுங்கி வாங்கிக்கொள்கிறது. அந்த ஆற்றல் விறைப்போடு நேராகவும், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடும் கூடும். தூரம் பாதியானால் அதே மேட்டைத் தாங்க விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். என் காரில் முன்பு 45 வெற்று இடைவெளியும் பம்ப் ஸ்டாப் நசுங்கும் 40உம் சேர்த்து 85 மி.மீ. இருந்தது. விறைப்பை 25 சதவீதம் கூட்டினால் 76 மி.மீ. போதும். அதாவது அந்தக் கூடுதல் விறைப்பு ஈடுகட்டக்கூடியது 9 மி.மீ.தான். நான் எடுத்தது 38. பம்ப் ஸ்டாப் ஒரே சீராக விறைப்பதில்லை என்பதால் இது தோராயம். ஆனால் 9க்கும் 38க்கும் உள்ள தூரத்தைத் தோராயம் மூடாது.

பம்ப் ஸ்டாப்பில் ஒரு துண்டை வெட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். சில ஸ்பிரிங் தயாரிப்பாளர்களே இத்தனை மி.மீ. வெட்டு என்று குறிப்புத் தருவதும் உண்டு. குறிப்பு இல்லாத இடத்தில் வெட்டினால் குத்து கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும்போது ரப்பரில் அல்ல, இரும்பில் வரும். இன்னொருவர் பழைய ஸ்பிரிங்கையே ஒன்றரைச் சுற்று அறுத்திருந்தால் செலவே இல்லை என்றார். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். அவரோடு நான் வாதிடவில்லை.

மற்றவை எல்லாம் எங்கிருந்து வந்தன

"டொக்" சத்தத்துக்கு லோயர் ஆர்மைக் கழற்றினோம். நான்கு மாத வயதுடைய புதுப் புஷ்களில் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டப்பட்டிருக்கும். எதுவும் வழுக்கிச் சுழலாது, ரப்பரே முறுகி நெகிழும். ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதன் ஓய்வு நிலை. எங்கள் போல்ட்டுகளை காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போதே இறுக்கியிருந்தார்கள். தொங்கும் நிலைக்கும் புதிய நிற்கும் நிலைக்கும் இடையே 113 மி.மீ.; ஆர்மின் நீளம் 330. ஏறத்தாழ 20 டிகிரி. கார் தரையில் இறங்கிய நொடியிலிருந்தே அந்த ரப்பர் 20 டிகிரி முறுகிக்கொண்டு, ஆர்மைக் கீழே தள்ளி, காரைச் சில மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்திருந்தது. 336 என்ற முதல் நாள் அளவு வந்தது அதனால். பிறகு ரப்பர் கிழியக் கிழிய 330க்கு இறங்கியது. நான் மகிழ்ந்தது ஒரு கிழிசலைப் பார்த்து.

அலைன்மென்ட் தாளும் அதே கணத்தில் பொய்யானது. புஷ்கள் முறுகியிருந்தபோது எடுத்த அளவுகள், புஷ்கள் கிழிந்தபின் எப்படிப் பொருந்தும்? மறுபடி அளந்தபோது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சுமார் ஒன்றரை டிகிரி. முன்பு அரை டிகிரிகூட இல்லை. டயர் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் டயரைத் தின்றது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டும் லோயர் ஆர்மும் வேறுவேறு வட்டங்களில் ஏறுவதால் கார் தாழும்போது சக்கரத்தின் திசையே மாறிவிடுகிறது. எங்கள் காரில் முன்சக்கரங்கள் மொத்தம் 4 மி.மீ. வெளிநோக்கித் திரும்பியிருந்தன. 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ. என்பது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் 3.3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 5,200 கி.மீ. ஓடிய டயரில் வெளி விளிம்பில் 6.1 மி.மீ. பள்ளம் மிச்சம், உள் விளிம்பில் 3.8.

வளைவில் உறுதி என்ற என் சாக்கும் நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டில் ஃபோர்ட் கான்சல் காரில் வந்த ஏர்ல் மெக்ஃபெர்சனின் அமைப்பு, மேல் ஆர்மையே நீக்கி, ஷாக் அப்சார்பரையே சக்கரம் திரும்பும் அச்சாகவும் ஆக்கியது. மலிவு, இடம் மிச்சம், பாகங்கள் குறைவு. ஆனால் பாகங்கள் குறைவாக இருப்பதால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். கீழ் ஆர்ம் தொழிற்சாலை நிலையில் வெளிப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்திருந்தது. தாழ்த்தியபின் ஆர்மின் வெளிமுனையிலுள்ள பால் ஜாயிண்ட் உள்முனையைவிட மேலே போய்விட்டது. அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, காரின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள நெம்புகோல் நீள்கிறது. கார் சாய விரும்புகிறது. கூடுதல் விறைப்பு அந்த விருப்பத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. போதாததற்கு, வளைவின் நடுவே வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டியதும் முன்பக்கம் சட்டென்று விறைத்து, ஈரச் சாலையில் கார் திரும்ப மறுத்து நேரே வழுக்கப் பார்க்கும்.

இனி அந்த வால்வு. பின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு ஸ்பிரிங்கால் இணைந்தது. சுமை ஏறி வால் இறங்கினால், பின்சக்கரங்களில் எடை கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வால் 31 மி.மீ. இறங்கியதை நான் அலங்காரம் என்று நினைத்தேன். வால்வு அதைச் சுமை என்று நினைத்தது. வெறும் கார், தூறல், பின்னால் எடை இல்லை, ஆனால் பின்பிரேக்குக்கு முழுப் பாரத்துக்கான அழுத்தம். வால் நழுவியதில் வியப்பென்ன. இதைத் திருத்துவது ஒரு நட்டைத் தளர்த்தி இணைப்பின் நீளத்தைப் புதிய உயரத்துக்கு மாற்றும் வேலை. ஸ்பிரிங் மாட்டிய பணிமனையில் யாரும் தொடவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த ஆய்வில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

திருத்தம்

முழுவதும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அதுவே புத்திசாலித்தனம் என்று வீட்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். நான் பாதி திரும்பினேன்.

20 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், விறைப்பு 15 சதவீதம் மட்டும் கூடுதல். முன்னால் உடல் 18 மி.மீ. குட்டையான ஷாக் அப்சார்பர்கள். தாழ்த்தும்போது இழந்த அமுங்கும் தூரத்தின் பெரும்பகுதியை இவை திருப்பித் தருகின்றன. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. உடல் குட்டையானால் சக்கரம் தொழிற்சாலை அனுமதித்ததைவிட மேலே ஏற முடியும். அங்கே இடம் இருக்கிறதா?

அதைப் பார்க்க ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும் வரை சக்கரத்தை மேலே ஏற்றினோம். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்லத் திருப்பினோம். நான் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டிருந்தேன். முக்கால் திருப்பம் வரை விரல் தாராளமாகப் போனது. முழுத் திருப்பத்தில் டயரின் தோள், உள்தட்டின் முன்மூலையைத் தொட 6 மி.மீ.தான் பாக்கி. ஓட்டத்தில் டயர் வளையும், புஷ் நெகிழும், 6 போதாது. பம்ப் ஸ்டாப்புக்கு மேல் 10 மி.மீ. வளையம் ஒன்றை வைத்தோம்.

இப்போது வெற்று இடைவெளி 45இல் 20 போய், 18 வந்து, 10 போய், 33 மி.மீ. பம்ப் ஸ்டாப்பின் 40ஐச் சேர்த்தால் 73. விறைப்புக் கணக்கு கேட்பது 79. ஆறு மி.மீ. கடன், முந்தைய ஏற்பாட்டில் 29 கடன்.

புதிய புஷ்களின் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகி, நான்கு சக்கரங்களும் பலகைகள்மேல் முழு எடையோடு நிற்க, வண்டியை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, அதன்பின் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பின் அச்சின் போல்ட்டுகளையும் தளர்த்தி அதேபோல. முதல் முறை இதைச் செய்யாததற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லிஃப்டின் மேல் கை எட்டும் போல்ட்டை, தரையில் படுத்துக்கொண்டு இறுக்க யாருக்குத்தான் மனம் வரும். பிரேக் வால்வின் இணைப்பை வெறும் எடையில், கையேட்டின்படி மாற்றினோம். அலைன்மென்ட்டை 500 கி.மீ. ஓடியபின்தான் செய்தேன். கேம்பர் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு, டோ மொத்தம் 1 மி.மீ. உள்நோக்கி. முகப்பு விளக்கையும் அன்றே திருத்தினோம்.

முன்னால் 348, பின்னால் 352. வேலை முடிந்த அன்று எடுத்த அளவு இது, ஆறு மாதம் கழித்தும் முன்பக்கம் அதே. 6,000 கி.மீ. ஓடிய டயரில் உள்ளுக்கும் வெளிக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இல்லை. ஆளில்லாத ஈரத் திடல் ஒன்றில் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்தேன்: முன்சக்கரங்கள்தான் முதலில் இறுகுகின்றன, வால் நேராக வருகிறது. வேகத்தடைகளில் நான்கு பேரோடு இன்னும் சில இடங்களில் குறுக்காகத்தான் ஏற வேண்டியிருக்கிறது. 13 டிகிரி வெறும் காருக்கு, பாரத்தோடு 11. ஃபெண்டர் இடைவெளியில் இப்போது ஏறக்குறைய மூன்று விரல். தெருவில் போகிற யாரும் இந்தக் காரைத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

கேபிள் டையை இன்னும் கழற்றவில்லை. நான்கு பேரோடு போய்வந்த சென்ற வாரம் குனிந்து பார்த்தபோது அது பம்ப் ஸ்டாப்புக்கு 4 மி.மீ. கீழே நின்றது. ஒன்று மட்டும் பாக்கி: பின்னால் இடதுபக்கம் மட்டும் 349 காட்டுகிறது. ஸ்பிரிங்கின் கீழ்முனை ரப்பர் இருக்கையை விட்டு நழுவிவிட்டதோ என்று சந்தேகம். அடுத்த ஞாயிறு கழற்றுகிறேன்.